பல் உறையும் பல் பாலமும்: நோயாளி கேட்கும் கேள்விகளின் வரலாறு

சிதைந்த பல்லைச் சீவி, அதன் மேல் தொப்பி போல மாட்டுவது பல் உறை. பல் விழுந்த இடைவெளியை, அதன் இரு பக்கத்துப் பற்களையும் தூண்களாகக் கொண்டு மூடுவது பல் பாலம். மக்கள் பேச்சில் முன்னது 'கேப்', பின்னது 'பிரிட்ஜ்'. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கும் பல்செட்டைப் போன்றவை அல்ல இவை. ஒருமுறை பசையிட்டு ஒட்டிவிட்டால் வாயிலேயே நிலையாக இருப்பவை.

பல் மருத்துவரிடம் உறையோ பாலமோ கட்டிக்கொள்ளச் செல்பவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வலிக்குமா? எதனால் செய்தது? ஏன் இவ்வளவு செலவு? நன்றாக இருக்கும் பக்கத்துப் பல்லை ஏன் சீவ வேண்டும்? உறைக்கு உள்ளே சொத்தை வருமா? எத்தனை ஆண்டு உழைக்கும்? இக்கேள்விகள் இன்று தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் நீண்ட வரலாறு உண்டு. சிலவற்றுக்கு விடை கிடைக்க நூற்றாண்டுகள் ஆயின. சிலவற்றுக்குக் கிடைத்த தவறான விடையால் பல்லாயிரம் பேர் நல்ல பற்களை இழந்தார்கள்.

இது புதிதாக வந்த வைத்தியமா?

இல்லை. பாலம் என்னும் கருத்து 2500 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. இன்றைய இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த எட்ரஸ்கர் என்னும் மக்களின் கல்லறைகளிலிருந்து பொன் பட்டைகளுடன் கூடிய பற்கள் கிடைத்துள்ளன. மெல்லிய பொன் தகட்டை வளையங்களாக வளைத்து, நலமாக உள்ள பற்களைச் சுற்றி அணிவித்து, நடுவில் உள்ள இடைவெளியில் மனிதப் பல்லையோ விலங்கின் பல்லிலிருந்து செதுக்கியதையோ சிறு ஆணியால் பொருத்தியிருக்கிறார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டு முதல் இவ்வழக்கம் இருந்தது. இவற்றை அணிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று எலும்புகளை ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர். மெல்லுவதற்கு இவை பெரிதாக உதவியிருக்க முடியாது. செல்வத்தையும் தகுதியையும் காட்டும் அணியாகவே இருந்திருக்க வேண்டும்.

கிழக்கு மத்தியதரைக் கடற்கரையில் இருந்த பினீசிய நகரமான சீதோனின் கல்லறை ஒன்றிலிருந்து, முன்பற்கள் பொன் கம்பியால் பிணைக்கப்பட்ட தாடை 19ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டது. அதில் இரண்டு பற்கள் வேறொருவருடையவை. இன்று அது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

உரோமின் பழைய சட்டத்திலும் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. கி.மு. 450 அளவில் தொகுக்கப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம், பிணத்தோடு பொன்னைப் புதைப்பதைத் தடை செய்தது. ஆனால் ஒரு விலக்கு அளித்தது: இறந்தவரின் பற்கள் பொன்னால் கட்டப்பட்டிருந்தால், அந்தப் பொன்னோடு புதைப்பதும் எரிப்பதும் குற்றமல்ல. இதை நமக்குத் தெரிவிப்பவர் சிசரோ. பொன் கட்டிய பல் சட்டம் கவனிக்கும் அளவுக்கு வழக்கில் இருந்தது என்பதும், அது உடலின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது என்பதும் இதனால் விளங்கும். இந்த விலக்கைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

மாற்றுப் பல் யாருடையது, எதனால் ஆனது?

இன்று நோயாளி கேட்பது, பீங்கானா உலோகமா என்று. 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்விக்கு வேறு பொருள் இருந்தது. அன்று மாற்றுப் பற்கள் யானைத் தந்தத்திலும் நீர்யானைப் பல்லிலும் மாட்டு எலும்பிலும் செதுக்கப்பட்டன. இவை எச்சிலில் ஊறி நிறம் மாறி, நாற்றமெடுத்தன. ஆகவே வசதி உள்ளவர்கள் உண்மையான மனிதப் பற்களையே விரும்பினார்கள். அந்தப் பற்கள் ஏழைகளின் வாயிலிருந்தும் பிணங்களின் வாயிலிருந்தும் வந்தன.

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவி ஏற்றபோது அவருடைய வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. அவர் மரப்பல் வைத்திருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பற்கள், உலோகம் ஆகியவற்றால் ஆன செட்டுகளை அணிந்தார். அவருடைய 1784ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், கறுப்பினத்தவரிடமிருந்து ஒன்பது பற்கள் வாங்கியதற்காக 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு பதிவு இருக்கிறது. அப்பற்கள் அவருக்கே பயன்பட்டனவா என்பது உறுதியாகவில்லை. ஆனால் அடிமைப்பட்டவர்களின் வாயிலிருந்து பல் விலைக்கு வாங்கப்பட்டது என்பதற்கு அந்த வரி சான்று.

இலண்டனில் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், ஒருவரின் பல்லைப் பிடுங்கிய உடனே மற்றவரின் குழியில் நடும் முறையைப் பரப்பினார். வறியவர்கள் சில காசுகளுக்காகப் பல்லைப் பிடுங்கக் கொடுத்தார்கள். நட்ட பற்கள் நிலைக்கவில்லை, நோய்கள் பரவின. 1787இல் தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று, செல்வப் பெண்ணொருத்திக்காகப் புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் பல் பிடுங்கப்படுவதைக் காட்டுகிறது. 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்கள் பிடுங்கப்பட்டு இங்கிலாந்துக்கு வந்தன. 'வாட்டர்லூ பற்கள்' என்னும் பெயர் அவ்வாறு தோன்றியது.

இந்த வணிகத்துக்கு முடிவு கட்டியது பீங்கான். பிரான்சில் அலெக்சி துஷாத்தோ என்னும் மருந்தாளர், தம் தந்தச் செட்டு மருந்துகளின் வாடையை உறிஞ்சி நாறுவதைக் கண்டு, 1774 அளவில் பீங்கானில் ஒன்று செய்துகொள்ள முயன்றார். அவருடன் சேர்ந்த பல் மருத்துவர் துபுவா த ஷெமான் அம்முறையைச் செம்மையாக்கி, புரட்சிக்காலத்தில் இங்கிலாந்து சென்று, 1791இல் அங்கே காப்புரிமை பெற்றார். இத்தாலியரான ஃபோன்சி 1808இல் பிளாட்டினக் கொக்கி பதித்த தனித்தனிப் பீங்கான் பற்களை அறிமுகப்படுத்தினார். 19ஆம் நூற்றாண்டில் இலண்டனில் ஆஷ் குடும்பத்தாரும் பிலடெல்பியாவில் எஸ்.எஸ். ஒயிட்டும் இவற்றைத் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியபின், பிணத்தின் பல்லுக்குச் சந்தை இல்லாமல் போயிற்று.

உறைக்கு முன் வேர் சிகிச்சை ஏன்?

'பல்லை மூடத்தானே வந்தேன், வேரை ஏன் நோண்டுகிறீர்கள்' என்பது இன்றும் அடிக்கடி எழும் கேள்வி. இதன் விடை, வேரைக் கவனிக்காமல் உறையிட்டவர்களின் அனுபவத்தில் இருக்கிறது.

நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார், 1728இல் வெளியிட்ட இரு தொகுதி நூலில், சொத்தைக்குப் பற்புழுதான் காரணம் என்ற பழைய நம்பிக்கையை மறுத்தார். அதே நூலில், மேற்பகுதி உடைந்த பல்லின் வேருக்குள் பொன் அல்லது வெள்ளி ஆணியைச் செருகி, அதன் மேல் செயற்கைப் பல்லை நிறுத்தும் முறையையும் விளக்கினார். இன்று 'போஸ்ட்' வைத்து உறையிடும் முறையின் மூதாதை இது. 1746இல் மூட்டோன் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர், சிதைந்த பல் முழுவதையும் பொன் தகட்டால் மூடுவதையும், முன்பல்லானால் அதன் மேல் வெள்ளைப் பூச்சு கொடுப்பதையும் எழுதினார்.

இம்முறைகளில் ஒரு குறை இருந்தது. ஆணி செருகிய வேருக்குள் அழுகிய பற்கூழ் அப்படியே இருந்தது. சீழ் வெளியேற வழி இல்லாமல் வேர் நுனியில் கட்டி உண்டாயிற்று. கிருமிகளைப் பற்றிய அறிவு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. இன்று மருத்துவர் பற்கூழ் இறந்துவிட்டதா என்று பார்த்து, இறந்திருந்தால் வேரைச் சுத்தம் செய்து அடைத்த பிறகே உறையிடுகிறார். பற்கூழ் நலமாக இருந்தால் வேர் சிகிச்சை தேவையில்லை; எல்லா உறைக்கும் அது கட்டாயம் என்பது தவறான எண்ணம்.

வலிக்குமா?

உறை மாட்டுவதற்குப் பல்லின் எல்லாப் பக்கங்களையும் ஓரிரு மில்லிமீட்டர் சீவ வேண்டும். பற்சிப்பிக்கு அடியில் உள்ள பகுதியைத் தொட்டால் கூர்மையான வலி எடுக்கும். எனவே 19ஆம் நூற்றாண்டு வரை உயிருள்ள பல்லை முழுதாகச் சீவுவது நடைமுறையில் அரிதாக இருந்தது.

1884இல் கார்ல் கோலர் கோக்கைன் கண்ணை மரக்கச் செய்வதை வியன்னாவில் காட்டினார். அதே ஆண்டில் நியூயார்க்கில் ஹால்ஸ்டெடும் அவர் தோழர்களும் அதனைத் தாடை நரம்பில் ஊசியாகச் செலுத்தினார்கள். கோக்கைன் அடிமைப்படுத்தும் மருந்து. ஹால்ஸ்டெடே அதற்கு இரையானார். 1905இல் ஜெர்மனியில் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவோக்கைன் விற்பனைக்கு வந்தது. இன்று பல் மருத்துவரின் ஊசியில் பெரும்பாலும் இருக்கும் லிக்னோக்கைனை 1943இல் சுவீடனில் லோஃப்கிரென் உருவாக்கினார்.

கருவியும் மாறியது. 1871இல் மோரிசன் காப்புரிமை பெற்ற காலால் மிதித்து ஓட்டும் துரப்பணம், தையல் இயந்திரம் போல இயங்கியது. ஒரு பல்லைச் சீவ நெடுநேரம் ஆயிற்று. 1957இல் ஜான் போர்டன் கொண்டு வந்த காற்றாலைத் துரப்பணம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,00,000 சுற்றுகள் சுழன்றது. தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கும் அக்கருவியும் மரக்கும் ஊசியும் சேர்ந்த பிறகே உறையும் பாலமும் சாதாரண மக்களின் சிகிச்சை ஆயின.

ஏன் இவ்வளவு செலவு?

ஒவ்வொரு உறையும் ஒருவருக்காக மட்டும் செய்யப்படுவது. மருத்துவரின் நேரமும் ஆய்வகத் தொழிலாளியின் உழைப்பும் பொருளின் விலையும் அதில் சேர்கின்றன. ஆனால் வரலாற்றில் வேறொரு செலவும் சேர்ந்திருந்தது: காப்புரிமைக் கட்டணம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் வல்கனைட் என்னும் கெட்டி ரப்பர், பல்செட்டை மலிவாக்கியது. அதன் காப்புரிமையைக் கைப்பற்றிய குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி, அமெரிக்கப் பல் மருத்துவர்கள் ஒவ்வொருவரிடமும் உரிமத் தொகை கேட்டு வழக்கு மேல் வழக்குத் தொடுத்தது. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன், 1879 ஏப்ரல் 13 அன்று சான் பிரான்சிஸ்கோவில், வழக்குகளால் நொந்துபோயிருந்த சாமுவேல் சால்ஃபன்ட் என்னும் பல் மருத்துவரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த சச்சரவு உறைக்கும் பாலத்துக்கும் வந்தது. காசியஸ் ரிச்மண்ட், வேரில் செருகும் ஆணியையும் பொன் வளையத்தையும் பீங்கான் முகப்பையும் ஒன்றாக இணைத்த உறை ஒன்றை உருவாக்கினார். அவருடைய காப்புரிமைகளையும் பாலம் தொடர்பான வேறு காப்புரிமைகளையும் இன்டர்நேஷனல் டூத் கிரவுன் கம்பெனி வாங்கி, மருத்துவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. இதை எதிர்க்க 1888இல் சிகாகோவில் கிரௌஸ் என்பவர் தலைமையில் பல் மருத்துவர்கள் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். 1891இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அக்கம்பெனிக்கும் கேலார்டுக்கும் இடையிலான வழக்கில் ரிச்மண்டின் காப்புரிமைகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சிகிச்சை முறையை ஒரு கம்பெனி தனக்கே உரியதாக்கிக்கொள்ள முடியுமா என்ற கேள்வி, இன்று மருந்துக் காப்புரிமைகளில் எழுவதற்கு நூறாண்டுக்கு முன்பே பல் உறையில் எழுந்துவிட்டது.

சரியாகப் பொருந்துமா?

உறையின் உயிர் அதன் விளிம்பில் இருக்கிறது. உறைக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பசை கரையும், கிருமி புகும், சொத்தை பிடிக்கும். தகட்டை வளைத்துப் பற்றவைத்த பழைய பொன் உறைகளில் இந்த விளிம்பு ஒருபோதும் துல்லியமாக அமையவில்லை.

1907 ஜனவரியில் சிகாகோ பல் மருத்துவர் வில்லியம் டேகர்ட், நியூயார்க்கில் கூடிய பல் மருத்துவர்கள் முன் புதிய வழி ஒன்றைக் காட்டினார். வேண்டிய வடிவத்தை மெழுகில் செய்து, அதைச் சுற்றிச் சாந்து பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி நீக்கி, அந்த வெற்றிடத்தில் உருகிய பொன்னை அழுத்திச் செலுத்த வேண்டும். தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வார்க்கப்பட்டதும், சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் வார்ப்பதும் இந்த மெழுகு வார்ப்பு முறையில்தான். குளிரும்போது பொன் சுருங்குவதை ஈடுகட்டும் சாந்துகள் பின்னர் உருவாக்கப்பட்டபோது, விளிம்பு இன்னும் துல்லியமாக அமைந்தது. டேகர்ட்டும் காப்புரிமைத் தொகை கேட்டு வழக்குக்குப் போனார். ஐயோவா மாநிலத்தின் பில்புரூக் என்னும் பல் மருத்துவர் பத்தாண்டு முன்பே அம்முறையை எழுதி வெளியிட்டிருந்தது தெரிய வந்து, டேகர்ட் தோற்றார்.

உறைக்குள் சொத்தை வருமா?

வரும். உறைக்கு சொத்தை வராது. உறையின் விளிம்புக்குக் கீழே உள்ள பல்லுக்கு வரும். இந்த எளிய உண்மை ஒரு காலத்தில் பெரும் பீதியாக உருவெடுத்தது.

இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1900 முதல், வாயின் அழுக்கே பல நோய்களுக்கு மூலம் என்று எழுதி வந்தார். 1910இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, அமெரிக்கப் பாணிப் பொன் உறைகளையும் பாலங்களையும் சீழின் மேல் கட்டிய பொன் சமாதிகள் என்னும் பொருள்படச் சாடினார். அவர் கண்டது பொய்யல்ல. அழுகிய வேர்களின் மேல் சுத்தம் செய்யாமலே பொன் போர்த்தும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது.

ஆனால் அதிலிருந்து பிறந்த முடிவு எல்லை மீறியது. மூட்டுவலி, இதயநோய், சிறுநீரகக் கோளாறு என எதற்கும் பல்லே காரணம் என்று நம்பப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐயத்தின் பேரிலேயே நல்ல பற்கள் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கப்பட்டன. நியூ ஜெர்சியின் டிரென்டன் மனநல மருத்துவமனைத் தலைவர் ஹென்றி காட்டன், மனநோய்க்கும் இதுவே காரணம் என்று கருதி, நோயாளிகளின் பற்களையும், பின்னர் குடலின் பகுதிகளையும்கூட நீக்கினார். பலர் இறந்தார்கள். பிடுங்கியவர்களையும் பிடுங்காதவர்களையும் ஒப்பிட்ட முறையான ஆய்வுகள் வந்த பிறகே இந்த அலை தணிந்தது.

இந்தச் சர்ச்சையால் விளைந்த நன்மையும் உண்டு. 1895இல் ரான்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே, உறைக்கு முன்னும் பின்னும் வேரைப் பார்க்கும் வழக்கமாக நிலைபெற்றது. இன்று உறையிடுவதற்கு முன் படம் எடுப்பது வீண் செலவு என்று நினைப்பவர்கள், அந்தப் படம் இல்லாத காலத்தில் எத்தனை பற்கள் ஐயத்தாலேயே போயின என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நல்ல பல்லை ஏன் சீவ வேண்டும்?

பாலத்தைப் பற்றி நோயாளி கேட்கும் கேள்விகளில் மிக நியாயமானது இது. ஒரு பல் போனதற்காகப் பழுதில்லாத இரண்டு பற்களைச் சீவுவது இழப்புதான். சீவிய பல் மீண்டும் வளராது. அதன் பற்கூழ் சில ஆண்டுகளில் இறந்துபோகவும் வாய்ப்புண்டு. தூண்கள் போதுமான வலுவுடன் இருக்க வேண்டும் என்பதற்காக, தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு, இல்லாத பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையக்கூடாது என்ற விதியை 1926இல் இர்வின் ஆன்டே வகுத்தார். எத்தனை பற்களைச் சீவுவது என்பதற்கு அது நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது.

சீவாமல் ஒட்டும் வழி 1955இல் திறந்தது. அமெரிக்காவின் மைக்கேல் பூனகோர், பற்சிப்பியை அமிலத்தால் லேசாக அரித்தால் பிசின் அதனோடு உறுதியாகப் பிணையும் என்று காட்டினார். 1973இல் பிரான்சின் ரோஷெத், துளையிட்ட மெல்லிய உலோகச் சிறகுகளைப் பற்களின் பின்புறத்தில் ஒட்டும் முறையை வெளியிட்டார். 1980களின் தொடக்கத்தில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அது மேம்படுத்தப்பட்டு, 'மேரிலாந்து பாலம்' என்று பெயர் பெற்றது. முன்பற்களுக்கு, முக்கியமாக இளையோருக்கு இது ஏற்றது. குறை என்னவென்றால், சில சமயம் ஒட்டு விட்டுப் போகும். ஆனால் பல் சேதமின்றி இருப்பதால் மீண்டும் ஒட்டலாம்.

மூன்றாவது வழி, பக்கத்துப் பற்களைத் தொடாமலே எலும்பில் புதிய வேரை நடுவது. 1950களில் சுவீடனில் பிரோனமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவி எலும்போடு இணைந்து பிரிக்க முடியாமல் போனதைக் கண்டார். 1965இல் முதல் மனித நோயாளிக்கு டைட்டானிய வேர் நட்டார். அறிஞர் உலகம் அதை ஏற்கத் தயங்கியது. 1982இல் டொரொன்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே பரவலான ஒப்புதல் கிடைத்தது. இன்று பாலமா, இம்பிளான்டா என்று மருத்துவர் கேட்கும்போது, இந்த மூன்று வழிகளில் எது பொருந்தும் என்பதையே கேட்கிறார். பக்கத்துப் பற்களுக்கு ஏற்கனவே உறை தேவைப்பட்டால் பாலத்தால் இழப்பு குறைவு. அவை பழுதற்றவையானால், சீவுமுன் மற்ற வழிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

தங்கமா, பீங்கானா, சிர்கோனியாவா?

பொன் வாயில் கறுக்காது; எதிர்ப்பல்லைத் தேய்க்காது; விளிம்பு துல்லியமாக அமையும். அதன் குறை நிறம். 1900களின் தொடக்கத்தில் டெட்ராய்ட்டின் சார்லஸ் லேண்ட், பிளாட்டினத் தகட்டின் மேல் பீங்கானைச் சுட்டுப் பல் நிறத்திலேயே முழு உறை செய்தார். அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்கின் தாய்வழித் தாத்தா இவர். அழகாக இருந்தாலும் அந்த உறை எளிதில் உடைந்தது.

பொன்னின் வலுவும் பீங்கானின் நிறமும் ஒன்றுசேர 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் பீங்கான் வெடித்துப் போவதே தடையாக இருந்தது. வைன்ஸ்டைனும் அவருடன் இணைந்தவர்களும், உலோகத்தோடு ஒத்து விரியும் பீங்கான் கலவைக்கு அந்த ஆண்டில் காப்புரிமை பெற்றார்கள். இன்று நம் ஊரில் மிகுதியாகக் கட்டப்படும் 'செராமிக்' உறை பெரும்பாலும் இந்த வகைதான். 1970களில் பொன் விலை ஏறியபோது, உள்ளே நிக்கல்-குரோமியம் கலவை இடம்பிடித்தது. கவரிங் நகை அணிந்தால் தோல் அரிப்பவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்வது நல்லது.

இன்று அதிகம் கேட்கப்படும் பெயர் சிர்கோனியா. இதன் வரலாறு இலங்கையைத் தொடுகிறது. வாஷிங்டன் ஒற்றைப் பல்லோடு பதவி ஏற்ற அதே 1789இல், பெர்லின் வேதியியலாளர் கிளாப்ரோத், இலங்கையிலிருந்து வந்த சிர்கான் மணிக்கல்லை ஆராய்ந்து அதில் அறியப்படாத ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். அதுவே சிர்கோனியா. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலிலும் சிர்கான் உண்டு. டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட்டும் அதே மணலில் உண்டு. இப்பொருள் பல் உறையாக 20ஆம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருந்தது. மிகக் கடினமான அதைச் செதுக்கக் கணினி வேண்டியிருந்தது. 1985இல் சூரிச்சில் மூர்மனும் பிராண்டெஸ்டினியும் வாயைக் கேமராவால் அளந்து, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பீங்கான் துண்டைக் கடைந்து ஒட்டும் கருவியைப் பயன்படுத்தினார்கள். கணினியால் கடைந்து, பின் ஏறத்தாழ 1500 டிகிரி சூட்டில் சுடப்படும் சிர்கோனியா உறைகள் அதன் தொடர்ச்சி.

இறந்தவரின் பொன்

பொன் உறையின் வரலாற்றில் ஒரு பகுதியை விட்டுவிட முடியாது. இரண்டாம் உலகப்போரின்போது நாஜிக்களின் வதை முகாம்களில் கொல்லப்பட்ட யூதர்கள் உள்ளிட்டோரின் வாயிலிருந்து பொன் உறைகளும் பாலங்களும் பிடுங்கப்பட்டன. 1942 முதல் புரூனோ மெல்மர் என்னும் எஸ்.எஸ். அதிகாரி, முகாம்களில் கொள்ளையிட்ட பொருள்களை ஜெர்மனியின் மைய வங்கியில் ஒப்படைத்து வந்தார். பற்பொன்னும் அவற்றில் இருந்தது. அது உருக்கப்பட்டுக் கட்டிகளாயிற்று. இறந்தவரின் பல்லிலுள்ள பொன்னைத் தொடாதே என்று உரோமர்கள் எழுதி வைத்து 2400 ஆண்டுகள் ஆகியிருந்தன.

யார் செய்யலாம்?

இந்தியாவில் பல் மருத்துவக் கல்வி முறைப்படி தொடங்கியது 1920இல், கல்கத்தாவில் இரபியுதீன் அகமது நிறுவிய கல்லூரியுடன். அதற்கு முன்னும் பின்னும் பரம்பரைத் தொழிலாகப் பல் கட்டியவர்கள் பலர். சென்னையிலும் இலங்கை நகரங்களிலும் சீன வம்சாவளிக் குடும்பங்கள் இத்தொழிலில் பெயர் பெற்றிருந்தன. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம், பட்டம் பெற்றவர்களை ஒரு பட்டியலிலும், பட்டமின்றி ஏற்கனவே தொழில் செய்து வந்தவர்களை மற்றொரு பட்டியலிலும் பதிவு செய்தது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. அதுவே பின்னர் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாயிற்று. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் தனியார் மருத்துவமனையைவிடக் குறைந்த செலவில் உறையும் பாலமும் செய்துகொள்ளலாம்.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்குகளின்படி, பக்கத்துப் பற்களைத் தூணாகக் கொண்ட பாலங்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, பத்தாண்டு கழிந்தும் வாயில் இருக்கின்றன. தோற்பவை பெரும்பாலும் பீங்கான் உடைந்து தோற்பதில்லை. தூண் பல்லில் சொத்தை பிடிப்பதாலும், பசை கரைந்து கழல்வதாலும், பற்கூழ் இறப்பதாலும் தோற்கின்றன. 1870களில் வந்த துத்தநாகப் பாஸ்பேட் பசை நூறாண்டு ஆட்சி செய்தது. 1970களின் தொடக்கத்தில் இலண்டனில் வில்சனும் கென்டும் உருவாக்கிய கிளாஸ் அயனோமர், பல்லோடு வேதியியலாகப் பிணைந்து ஃபுளோரைடையும் வெளிவிட்டது. ஆனாலும் எந்தப் பசையும் நிரந்தரமல்ல. உறை கழன்று விழுந்தால், வீட்டுப் பசையால் ஒட்டாமல் அதைப் பத்திரப்படுத்தி மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். பல் நலமாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டிவிட முடியும்.

அண்மைக்கால நிகழ்வு ஒன்று இவ்வரலாற்றை நிறைவு செய்கிறது. ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால், குழந்தைகளின் சொத்தைப் பாற்பற்களைத் துளையிடாமலும் ஊசி போடாமலும் அப்படியே எஃகு உறையால் மூடி வந்தார். 1910இல் வில்லியம் ஹன்டர் கேட்டிருந்தால் கொதித்திருப்பார். ஆனால் 2007இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு, பற்கூழ் இன்னும் நலமாக உள்ள பற்களில் இம்முறை வழக்கமான அடைப்பைவிட நன்றாக உழைப்பதைக் காட்டியது. உணவும் காற்றும் புகாதபடி மூடினால் சொத்தைக் கிருமி முடங்கிவிடுகிறது. ஹன்டர் கண்டித்த உறைகள் பற்கூழ் இறந்த வேர்களின் மேல், விளிம்பு பொருந்தாமல் நின்றவை. ஹாலின் உறைகள் உயிருள்ள பற்களை இறுக்கமாக மூடியவை.

ஆகவே 'எத்தனை ஆண்டு உழைக்கும்' என்ற கேள்வியின் விடையில் ஒரு பங்கு கேட்பவரிடமே உள்ளது. உறையின் விளிம்பில் ஈறோரமாகத் துலக்குவது, பாலத்தின் அடியில் நூலோ சிறு தூரிகையோ விட்டுச் சுத்தம் செய்வது, ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டிக்கொள்வது ஆகிய மூன்றும் அந்தப் பங்கு. எட்ரஸ்கப் பெண்ணின் பொன் பட்டை 2500 ஆண்டு கெடாமல் கிடந்தது கல்லறையில். வாயில் உள்ள உறையோ, அதைத் தாங்கும் பல் இருக்கும் வரைதான்.